நான் எடுத்து வைத்த ஐந்து அட்டைகள்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். என் எழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். ஒன்றை எழுதிக்கொண்டிருக்கும்போது வேறொன்று ஞாபகம் வந்து அதன் பின்னாலேயே போய்விடுவேன். திரும்பி வரும்போது முதலில் எழுதியது மறந்திருக்கும். வீடு சந்திப்பு ஊழியத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கிற பிள்ளைகளுக்கு வந்து நாலு வார்த்தை பேசுங்கள் என்று செயலாளர் அம்மா கேட்டார்கள். மைக்கைக் கண்டால் எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். எழுதித் தருகிறேனே, அச்சடித்துக் கொடுங்கள் என்று சொல்லித் தப்பித்தேன். இப்போது உட்கார்ந்து பார்த்தால், பேசியே இருக்கலாம் போலிருக்கிறது. பேசினது காற்றோடு போய்விடும்.

சோதனைக் காலத்தில் ஜனங்களை விசுவாசத்தில் நிலைநிற்கச் செய்வது எப்படி என்று எழுதச் சொல்லியிருக்கிறார்கள். அது எப்படி என்று எனக்குத் தெரியாது. தென்காசியிலிருந்து குற்றாலம் வரைக்கும் இருபத்தெட்டு வருஷம் வீடுவீடாக ஏறி இறங்கியிருக்கிறேன். பைபிள் அம்மா என்று கூப்பிடுவார்கள். வியாதிக்காரர்களைப் போய்ப் பார்ப்பது, துக்க வீட்டில் உட்கார்ந்திருப்பது, வேதம் வாசிப்பது, ஜெபிப்பது. நீங்கள் பார்க்கப்போகிற வேலைதான். அதில் எதைச் செய்யக்கூடாது என்று ஒன்றே ஒன்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். அதைச் செய்தவள் நான். ஆகவே அதை மட்டும் எழுதுகிறேன்.

ரத்னபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மையான பெயர் அதுவல்ல. அவள் புருஷன் பெயரைத் தங்கராஜ் என்று எழுதுகிறேன். குற்றாலம் போகிற ரோட்டில், உள்ளே திரும்பி நாலாவது வீடு. தங்கராஜ் சீசன் மாதங்களில் அருவிக்குப் போகிற வழியில் பழக்கடை போடுவான். ரம்புட்டான், மங்குஸ்தான், நாட்டுக்கொய்யா. மற்ற மாதங்களில் லோடு ஆட்டோ ஓட்டுவான். ஒரே மகள். அவளைச் சிவகிரியில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். பெரிய பக்திமான்கள் என்று சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை வருவார்கள், ஸ்தோத்திரப் பண்டிகைக்கு வாழைத்தார் கொடுப்பார்கள், அவ்வளவுதான்.

தங்கராஜுக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போனது. வாரத்தில் செவ்வாயும் வெள்ளியும் தென்காசி ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். நாலு மணி நேரம் மெஷினில் படுத்திருக்க வேண்டும். திரும்பி வந்தால் அன்றைக்குப் பூராவும் துணி பிழிந்து போட்ட மாதிரி கிடப்பான். பழம் சாப்பிடக் கூடாது. தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும்.

ஆனாலும் வாய் மட்டும் குறையவில்லை. நான் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே இருந்து சத்தம் கொடுப்பான்.

"ஏட்டி ரத்னா, பைபிளக்கா வந்தாச்சு. காப்பியப் போடு. எனக்கு ஒரு மூடி ஊத்து, வாசம் புடிச்சுக்கிடுதேன்."

"உங்களுக்குக் காலைலயே குடுத்தாச்சு."

"பாத்தியளாக்கா? குத்தாலத்துல தண்ணி ராவும் பகலும் கொட்டுது. எனக்கு மட்டும் நாளைக்கு முக்கால் லிட்டராம். பழம் வித்தவன் பழம் திங்கக் கூடாது, அருவிக்கரைல கெடக்கவன் தண்ணி குடிக்கக் கூடாது. ஆண்டவருக்கு என்மேல என்ன கோவம்னு கேட்டுச் சொல்லுங்க."

"உங்க வாய்மேலதான் கோவமா இருக்கும்" என்பாள் ரத்னா.

நானும் சிரித்துவிட்டு உட்காருவேன். அந்த வீட்டுக்குப் போவது எனக்குப் பிடித்திருந்தது என்று இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. வியாதிக்கார வீடுகளில் சில வீடுகள் அப்படி இருக்கும். உங்களுக்கும் அமையும்.

அட்டையைப் பற்றி உங்களுக்குத் தெரியும். ஆனாலும், வேறு சபைகளிலிருந்து வந்த பிள்ளைகள் இருக்கலாம் என்பதால் சொல்கிறேன். எங்கள் சபையில் புதுவருஷ ஆராதனை முடிந்ததும் வாக்குத்தத்த அட்டை எடுப்பார்கள். சின்ன அட்டை. ஒவ்வொன்றிலும் ஒரு வசனம். கண்ணை மூடி ஜெபித்துவிட்டு ஒன்றை எடுத்தால், அந்த வருஷம் முழுவதற்கும் ஆண்டவர் அந்த வீட்டுக்குக் கொடுத்த வார்த்தை அது. சிலர் பர்சில் வைத்துக்கொள்வார்கள், சிலர் அரிசிப்பானையில் ஒட்டுவார்கள். சீட்டு எடுக்கிற மாதிரி இருக்கிறதே என்று முன்பிருந்த ஒரு ஐயர், போதகரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம், இரண்டு வருஷம் நிறுத்தினார். சபையார் விடவில்லை. வியாதியாலும் முதுமையாலும் கோவிலுக்கு வர முடியாதவர்களுக்கு மறுநாள் நான் பிஸ்கட் டப்பாவில் அட்டைகளைப் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோவேன். அது என் வேலை. ஒருவரும் எனக்கு அதைக் கொடுக்கவில்லை, நானாகத்தான் ஆரம்பித்தேன்.

வியாதி வந்த வருஷத்துத் தொடக்கத்தில் ரத்னாவுக்கு வந்த அட்டை, சோதனையில் பொறுமையாயிரு என்கிற அர்த்தமுள்ள வசனம். அது வந்து இரண்டு மாதத்தில்தான் தங்கராஜுக்குக் கால் வீங்க ஆரம்பித்தது. அந்த வருஷம் டிசம்பர் கடைசியில் நான் போயிருந்தபோது அவள் முற்றத்தில் உட்கார்ந்து துணியை அடித்துத் துவைத்துக்கொண்டிருந்தாள். அவன் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தான்.

"எக்கா, ரெண்டாம் தேதி டப்பாவைத் தூக்கிட்டு வருவியல்லா?" என்றாள்.

"வருவேன்ட்டி."

"போன தடவ பொறுமைன்னு வந்துச்சு. வருசம் பூரா பொறுத்தாச்சு. இந்தத் தடவையும் அதே வந்தா, சொல்லிட்டேன், நான் கோயில் பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டேன். உங்க ஆண்டவர்கிட்ட இப்பவே சொல்லி வையுங்க."

உங்க ஆண்டவர் என்று அவள் சொன்னது எனக்குள் முள் மாதிரி தைத்தது. அன்றைக்குப் பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். நான் எப்போதுமே அப்படித்தான். பேச வேண்டிய இடத்தில் வாய் வராது, வீட்டுக்கு வந்த பிறகு பத்துப் பதில் வரும். ஆனால் அந்தத் தடவை வீட்டுக்கு வந்த பிறகு பதில் வரவில்லை. வேறொன்று வந்தது.

ஜனவரி இரண்டாம் தேதி காலையில் அட்டைகளையெல்லாம் கட்டிலில் கொட்டினேன். ஒவ்வொன்றாக வாசித்தேன். சுகத்தையும் நீடித்த ஆயுசையும் பற்றிச் சொல்கிற அட்டைகள் ஐந்து இருந்தன. அந்த ஐந்தை மட்டும் டப்பாவில் போட்டேன். மற்றவற்றை ரப்பர்பேண்ட் போட்டுப் பைக்குள் வைத்தேன். ரத்னா வீட்டுக்கு முதலில் போய்விட வேண்டும், பிறகு எல்லாவற்றையும் டப்பாவில் கலந்துகொண்டு மற்ற வீடுகளுக்குப் போக வேண்டும் என்று யோசித்து வைத்தேன். எவ்வளவு தெளிவாக யோசித்தேன் என்று பாருங்கள். ஜெபத்தில் அத்தனை தெளிவு எனக்கு ஒரு நாளும் வந்ததில்லை.

அவள் கையைக் கழுவி முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். கண்ணை மூடினாள். ரொம்ப நேரம் மூடியிருந்தாள். கையை உள்ளே விட்டதும் "என்னக்கா, அட்டை கொஞ்சமா இருக்கு?" என்றாள்.

"முதல்லயே எடுத்திட்டுப் போயிட்டாங்க" என்றேன். அந்தப் பொய் தடையில்லாமல் வந்தது.

எடுத்து வாசித்தாள். மறுபடியும் வாசித்தாள். பிறகு அதைத் தங்கராஜிடம் கொடுத்துவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். குழாயைத் திறந்துவிட்டு அழுவது கேட்டது. தங்கராஜ் அட்டையைத் தூரமாகப் பிடித்து, கண்ணாடி இல்லாமல் எழுத்துக் கூட்டி வாசித்தான். கேலி பேசவில்லை. அதுவரைக்கும் அந்த ஆள் ஒரு விஷயத்தைக் கேலி பேசாமல் விட்டு நான் பார்த்ததில்லை.

"இது எனக்குமாக்கா, அவளுக்கு மட்டுமா?" என்று கேட்டான்.

"வீட்டுக்கு" என்றேன்.

வெளியே வரும்போது எனக்கு உடம்பெல்லாம் லேசாக இருந்தது. ஒரு நல்ல காரியம் செய்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். பிள்ளைகளே, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். தப்புச் செய்கிறவளுக்குத் தப்புச் செய்கிற மாதிரி இருக்காது.

ஒன்றரை மாதம் அந்த வீடு கல்யாண வீடு மாதிரி இருந்தது. அவன் உண்மையாகவே தேறினது போலத் தெரிந்தான். புதன்கிழமைப் பெண்கள் கூடுகையில் ரத்னா எழுந்து சாட்சி சொன்னாள். "எங்க வீட்டுக்கு ஆண்டவர் வாக்குக் குடுத்துட்டாரு. இனி பயமில்ல" என்றாள். எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். நானும் சொன்னேன். பக்கத்தில் இருந்தவள் என் தொடையில் தட்டி, "நீங்க போயி வந்த வீடுல்லா" என்றாள். அன்றைக்கே கூடுகை முடிந்து வேப்பமரத்தடியில் ரத்னாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். அவள் முகம் மலர்ந்திருந்தது. அதைக் கெடுக்க மனது வரவில்லை என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் பெயர் கெட்டுவிடும் என்பதுதான் அதற்கு அடியில் இருந்தது.

மாசி மாதம் ஒரு திங்கட்கிழமை போனேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே இருந்து சத்தம் வரவில்லை. தங்கராஜ் சுவரில் மூன்று தலையணையை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். முகம் உப்பியிருந்தது. பேசும்போது நடுவில் மூச்சு வாங்கியது.

"என்ன தம்பி, வெள்ளிக்கிழமை மெசின்ல ஒடம்புத் தண்ணிய சரியா எடுக்கலியோ?" என்றேன்.

"வெள்ளிக்கிழமை போகலக்கா" என்றான்.

ரத்னா காப்பித் தம்ளரை என் கையில் கொடுத்தாள். "அவுகளுக்கு ஊசின்னா வெறுத்துப் போச்சுக்கா. கையப் பாருங்க, குத்திக் குத்திக் கட்டி கட்டியா இருக்கு. பேசுனோம். வாக்குக் குடுத்த பெறகு இன்னும் மெசினை நம்பிக்கிட்டுப் போறது ஆண்டவர நம்பாததுதானக்கா?"

நான் காப்பியைக் குடிக்காமல் தம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். "மருந்தும் அவரு குடுத்ததுதான்ட்டி" என்றேன். மேடையில் எல்லோரும் சொல்கிற வார்த்தை.

"அப்ப அந்த அட்டைக்கு என்னக்கா அர்த்தம்? அதையும் அவருதான குடுத்தாரு?"

அவள் என்னை எதிர்த்துக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளை டீச்சரிடம் கேட்கிற மாதிரி முகத்தைப் பார்த்துக் கேட்டாள். அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். ஒரு வார்த்தை. நான் என்ன செய்தேன் தெரியுமா? ஜெபம் பண்ணுவோம் என்றேன். முழங்கால்படியிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, நல்ல நல்ல வார்த்தையாகப் போட்டு நீளமாக ஜெபித்தேன். என் வாழ்க்கையில் நான் ஒளிந்துகொள்வதற்காகச் செய்த ஜெபம் அது. ஜெபத்துக்குள் ஒளிவது மாதிரி வசதியான இடம் வேறு கிடையாது. நம் வேலையில் இருக்கிறவர்களுக்கு அது ரொம்பச் சுலபம்.

மறுநாள் செவ்வாய். மெஷினுக்குப் போக வேண்டிய நாள். விடிந்ததும் ஐயர் வீட்டுக்குப் போனேன். ஐயர் கூட்டத்துக்காகத் திருநெல்வேலி போயிருந்தார். அவர் மனைவி ஐயரம்மா தோசை வார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர்கள். கண்டிப்பானவர்கள், எனக்குக் கொஞ்சம் பயம். அடுப்புப் பக்கத்தில் நின்று, தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்ததும் அழுதேன்.

ஐயரம்மா அடுப்பை அணைத்தார்கள். "இன்னைக்கு அவருக்கு டயாலிசிஸா?" என்று கேட்டார்கள்.

"ஆமாம்மா."

"எத்தனை மணிக்கு?"

"பதினொண்ணுக்குள்ள போகணும்."

"அப்ப என்கிட்ட எதுக்கு வந்து நிக்கிய? அங்கன போய்ச் சொல்லுங்க."

"அவ மொகத்துல எப்படிம்மா முழிப்பேன்? நீங்க கூட வந்தா..."

"நான் வந்தா நீங்க என் பின்னால நின்னுக்கிடுவிய. அழுகை, மன்னிப்பு எல்லாம் நாளைக்குப் பாத்துக்கிடலாம். அந்த மனுசன் மொதல்ல மெசினுக்குப் போகட்டும். எந்திங்க."

கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட விடவில்லை. ஆட்டோவுக்குச் சொல்லி ஏற்றிவிட்டார்கள். சிவன் கோவில் பக்கம் தேரோட்டம் என்று வழியை மறித்துத் திருப்பிவிட்டார்கள். ஜனக்கூட்டம். ஆட்டோ நகரவில்லை. நான் இறங்கி நடந்தேன், ஓடினேன் என்றே சொல்லலாம். வழியில் ஒரு கெட்ட எண்ணம் வந்ததையும் எழுதிவிடுகிறேன். நேரமாகிவிட்டால் நல்லது, அவர்களாகவே பயந்து போயிருப்பார்கள், நான் சொல்ல வேண்டியிருக்காது. அந்த நேரத்திலும் என் மனது அப்படித்தான் போயிற்று.

அவர்கள் போயிருக்கவில்லை. ரத்னா அடுக்களையில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். முன் அறையில் தங்கராஜ் மூச்சு விடுகிற சத்தம் அடுக்களை வரைக்கும் கேட்டது. நான் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னேன்.

"ரத்னா, அந்த அட்டைய ஆண்டவர் குடுக்கல. நான் குடுத்தேன். டப்பாவுல அஞ்சே அட்டைதான் போட்டுக் கொண்டுவந்தேன். நீ எதை எடுத்தாலும் அப்படித்தான் வந்திருக்கும்."

அவள் கை நின்றது. "அஞ்சும் அப்படியா?"

"அஞ்சும்."

"மத்ததெல்லாம்?"

"பைக்குள்ள வச்சிருந்தேன்."

அவள் என்னைப் பார்த்த பார்வையை எனக்கு எழுதத் தெரியவில்லை. அதில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. எழுந்து அணைத்தாள். கீரையை முறத்தோடு தூக்கி மேலே வைத்தாள்.

"அவுகளுக்குக் கேக்காமப் பேசுங்க" என்றாள். பிறகு, "இனிப் பேசாதிய" என்றாள்.

முன் அறைக்குப் போய் அவன் சட்டையை எடுத்தாள்.

"எந்திங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"ஏட்டி, நேத்துத்தான பேசுனோம். வாக்கு..."

"வாக்கு எங்கயும் போகாது. எனக்குப் பயமா இருக்கு. என் நம்பிக்கை அவ்வளவுதான், வச்சுக்கிடுங்க. எனக்காண்டி வாங்க."

"நீதான சொன்ன, பயமில்லன்னு."

"பொம்பள பேச்சக் கேட்டு என்னைக்கு நடந்திருக்கிய? இன்னைக்கு மட்டும் என்ன? கைய நீட்டுங்க."

அவன் சிரித்தான். சிரிக்க மூச்சுப் பத்தவில்லை, இருமினான். சட்டையைப் போட்டுக்கொண்டான். அவள் அவனிடம் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. விசுவாசம் குறைந்தவள் என்கிற பெயரை அவளே எடுத்துத் தன் தலையில் போட்டுக்கொண்டாள். வேன் ஏறும்போது நானும் ஏறப் போனேன். "நீங்க வேண்டாம்க்கா" என்றாள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் கண்டபடி ஏசினாளாம். இன்னும் ஒரு நாள் தள்ளியிருந்தால் நுரையீரல் முழுக்கத் தண்ணீர் கட்டியிருக்கும் என்றாளாம். இது எனக்குப் பக்கத்து வீட்டுக்காரி சொன்னது. அன்றைக்குச் சாயங்காலம் அவன் படுத்துத் தூங்கினானாம்.

அதற்குப் பிறகு தங்கராஜ் ஆடி மாதம் வரைக்கும் இருந்தான். ஒரு முறைகூடத் தவறாமல் போனார்கள். அட்டை சொன்னதைப் போல அவன் தேறவில்லை. அருவியில் நல்ல தண்ணீர் விழுந்துகொண்டிருந்தபோது, கடைவீதியில் கூட்டம் அலைமோதிய ஒரு வாரத்தில் போய்ச் சேர்ந்தான்.

அந்த மாதங்களைப் பற்றித்தான் நான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டியது. நான் ஒவ்வொரு ஞாயிறும் பயந்துகொண்டே கோவிலுக்குப் போனேன். இன்றைக்கு எழுந்து எல்லோர் முன்பும் சொல்லிவிடுவாள் என்று நினைப்பேன். அல்லது, அவள் வரவே மாட்டாள் என்று நினைப்பேன். அவள் வந்தாள். தூணுக்குப் பக்கத்தில், வழக்கமாக உட்காருகிற பாயில் உட்கார்ந்தாள். பாடினாள். சில நாள் பாடாமல் வெறுமனே இருந்தாள். சில நாள் பாதியிலேயே எழுந்து அவனுக்கு மாத்திரை கொடுக்கப் போய்விட்டாள். மறு ஞாயிறு மறுபடியும் வந்தாள்.

மூன்று வாரம் கழித்து, ஐயரம்மா தள்ளிவிட்டதால், நான் அந்த வீட்டுக்குப் போனேன். காப்பி கொடுத்தாள். தங்கராஜ் வழக்கம்போல, "என்னக்கா, ஆளையே காணும்? வேற நல்ல வியாதிக்காரன் கெடச்சிட்டானா?" என்றான். நான் வேதத்தைத் திறக்கப் போனபோது ரத்னா, "ஜெபம் நான் பண்ணிக்கிடுதேன்க்கா. நீங்க ஆமென் சொன்னாப் போதும்" என்றாள்.

அவள் ஜெபித்தது எனக்கு ஒரு சொல் விடாமல் ஞாபகம் இருக்கிறது, மற்றதெல்லாம் மறந்தாலும்.

"ஆண்டவரே, இன்னைக்கு அவுகளுக்கு மூச்சு முட்டாம இருக்கட்டும். எனக்குக் கோவம் வராம இருக்கட்டும். நாளைக்குள்ளத நாளைக்குக் கேக்கேன். ஆமென்."

அவ்வளவுதான். நான் இருபது வருஷமாகப் பண்ணின நீள ஜெபமெல்லாம் அதற்கு முன்னால் வெறும் சத்தமாகத் தோன்றியது. ஒவ்வொரு தடவை போகும்போதும் அவள்தான் ஜெபித்தாள். அதே மாதிரி, அன்றைக்குள்ளது மட்டும். ஒரு நாள் "உமக்கு என்ன சொல்லன்னு தெரியல" என்று மட்டும் சொல்லி ஆமென் போட்டாள். அந்த வீட்டில் எனக்கு ஆமென் சொல்கிற வேலைதான். அதை ஒழுங்காகச் செய்தேன் என்று நினைக்கிறேன்.

அடக்கம் முடிந்து ஒரு மாதம் இருக்கும். சாரல் விழுந்துகொண்டிருந்தது. அவன் கடைச் சாமான்களை யாரோ எடுத்துக்கொண்டு போக வந்திருந்தார்கள். அவர்கள் போனதும், நாங்கள் இருவரும் மட்டும் இருந்தபோது, நான் ஒரு வழியாகக் கேட்டேன்.

"ரத்னா, என்னைய மன்னிச்சிட்டியா?"

அவர்கள் விட்டுப்போன குப்பையைக் கூட்டிக்கொண்டே சொன்னாள்.

"எக்கா, கடைசி வாரத்துல அவுக கேட்டாக, வாக்கு என்னாச்சு ரத்னான்னு. எனக்குச் சொல்ல வாய் வரல. அந்தப் பொய்ய அவுக கூடவே புதைச்சாச்சு. நீங்க செஞ்சத நான் சுமந்தேன். மன்னிச்சனான்னு தெரியல. கேட்டுக்கிட்டு இருக்கேன், அவருகிட்ட."

விளக்குமாற்றைச் சாத்திவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏன் அப்படிச் செஞ்சிய?" என்று கேட்டாள். ஏழு மாதத்தில் அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்டாள்.

"மறுபடியும் பொறுமைன்னு வந்தா கோயிலுக்கே வர மாட்டேன்னு சொன்னியேட்டி. நீ விழுந்துருவன்னு பயந்துட்டேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புருஷன் செத்த பிறகு அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"சொன்னா? சொன்னா சொன்னதுதானா? கோவத்துல புருசன்கிட்ட வீட்ட விட்டுப் போயிருவேன்னு எத்தன தடவ சொல்லியிருப்போம். போயிட்டமா? சோத்த வடிச்சு வச்சிட்டுத்தான சண்டை போட்டோம். அவருகிட்டயும் அப்படித்தான்க்கா சொன்னேன். அது எனக்கும் அவருக்கும் உள்ள வழக்கு. நீங்க என் வாய நம்புனிய. என்னைய நம்பல."

பிள்ளைகளே, இதற்கு மேல் நான் உங்களுக்குப் பாடம் என்று என்ன எழுத? அவளுக்குப் பொறுமை போதாது என்று நினைத்து நான் முட்டுக்கொடுக்கப் போனேன். அவள் படுகிற பாட்டைப் பார்த்துக்கொண்டு, ஒன்றும் செய்ய முடியாமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பொறுமை எனக்குத்தான் இல்லாமல் போயிற்று. வியாதிக்கார வீட்டில் கடவுளைத் திட்டுவார்கள். திட்டட்டும். விட்டுப் போகிறவர்கள் திட்டிக்கொண்டிருக்க மாட்டார்கள், பேசாமல் போய்விடுவார்கள். திட்டுகிறவர்களுக்கு நீங்கள் அவசரப்பட்டு ஒரு நல்ல பதிலைத் தயார் பண்ணாதீர்கள். ஆண்டவர் சொல்லாததை அவர் சொன்னதாகச் சொல்லாதீர்கள். பதில் இல்லாவிட்டால் கீரையை வாங்கி உருவிக் கொடுங்கள்.

நான் செய்ததைப் பிறகு ஐயரிடமும் சொன்னேன். அவர் அந்தக் குடும்பத்துக்காகச் சபையில் சொல்ல வேண்டாம் என்றார். எனக்கு நிம்மதியாகிவிட்டது. அந்த நிம்மதியையும் என் தப்புகளோடு சேர்த்துக்கொள்ளுங்கள். அடுத்த ஜனவரியில் டப்பாவை ஐயரம்மாவிடம் கொடுத்துவிட்டேன். வேலையை விட்டுவிடலாம் என்றும் இருந்தது. ரத்னாதான் ஒரு நாள் ரோட்டில் நிறுத்தி, "எங்க தெருவுல ரெண்டு வீட்டுல ஆளு படுத்த படுக்கையாக் கெடக்கு, நீங்க என்ன வீட்டுல குந்திக்கிட்டு இருக்கிய?" என்று ஏசினாள். ஓய்வு பெறுகிற நாள் வரைக்கும் அந்த ஏச்சில்தான் நடந்தேன்.

அவள் இப்போது சிவகிரியில் மகளோடு இருக்கிறாள். அங்கேயும் தவறாமல் கோவிலுக்குப் போகிறாள் என்று கேள்விப்பட்டேன்.

இதை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் உங்களில் யாராவது ஒருத்தி சிவகிரிக்குப் போய், இதை அவளுக்கு முழுவதும் வாசித்துக் காட்ட வேண்டும். விலாசம் ஐயரம்மாவிடம் இருக்கும். நான் போக வேண்டிய காரியம்தான். கால் முடியவில்லை என்று சொல்லலாம், ஆனால் பஸ் வாசலிலேயே நிற்கிறது. போடக்கூடாது என்று அவள் சொன்னால் காகிதத்தை அவளிடமே கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள். போடலாம் என்று சொன்னால், நான் தப்பாக எழுதியிருக்கிறவற்றைத் திருத்தச் சொல்லுங்கள். தேரோட்டம் மாசியிலா பங்குனியிலா என்று எனக்குச் சந்தேகம். தங்கராஜ் போனது ஆடி முடிவா ஆவணித் தொடக்கமா என்றும் சரியாக நினைவில்லை.

இன்னொன்றையும் கேளுங்கள். அந்தத் திங்கட்கிழமை நான் போனபோது, வெள்ளிக்கிழமை மெஷினுக்குப் போகவில்லை என்றார்கள். அதற்கு முந்தின செவ்வாய் போயிருந்தார்களா என்று நான் அன்றைக்குக் கேட்கவில்லை. பிறகும் கேட்கவில்லை. ஒரு தடவைதான் தவறியது என்று இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவளுக்குத் தெரியும். இரண்டு தடவை என்று சொன்னால் இரண்டு என்றே எழுதுங்கள். எனக்காக ஒன்றைக் குறைக்க வேண்டாம்.